பழைய தேக்கு மேசைக்கு எந்தப் பாலிஷ்? அரக்கு, மெலமைன், பியூ: ஒரு மதிப்பீடு

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கத்துப் பழைய வீடுகளில் கணக்கு எழுதக் கிடந்த தேக்கு மேசைகள் பல இன்று சாப்பாட்டு மேசையாக மாறுகின்றன. அவற்றின் பழைய பூச்சு பெரும்பாலும் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். எழுதும் மேசைக்கு அது அருமையான பூச்சு. சூடான குழம்புச் சட்டிக்கும் சிந்திய ரசத்துக்கும் அது தாங்காது. சூட்டில் இளகும், ஈரம் நின்றால் வெளுக்கும்.

எங்கள் தீர்ப்பு இதுதான்: மேல்பலகைக்கு மட்டும் மேட் (பளபளப்பில்லாத) பியூ, அதாவது பாலியூரிதேன் பூச்சு; கால்களுக்கும் சட்டத்துக்கும் பழைய அரக்கே. மேசை முழுவதையும் சுரண்டி ஒரே பூச்சாக அடித்தால், கடைசல் கால்களில் பல பத்தாண்டுகளாக ஏறிய நிறம் போய்விடும். அந்த நிறத்தை எந்த ஸ்டெயினும் திரும்பத் தராது.

முதலில் பூச்சைச் சோதியுங்கள். அடிப்பக்க ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் தேய்த்தால் அரக்கு பிசுபிசுத்துப் பழுப்பாக வந்துவிடும். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ் அல்லது பியூ. பெயின்ட் அடித்த மேசையை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம், பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ரிமூவர் தடவி வழித்தெடுங்கள்.

கால் ஆடினால் பாலிஷுக்கு முன்பே சரி செய்யுங்கள். பழைய பொருத்துகளில் இருப்பது வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சிய பசை. அதன் மேலேயே ஃபெவிகாலை ஊற்றினால் பிடிக்காது. வெந்நீர்த் துணியால் வச்சிரத்தை இளக்கித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

மேல்பலகையின் பழைய அரக்கைச் சுரண்டி எடுக்கும்போது வெள்ளை வளையங்களும் அதோடு போய்விடும். கறுப்பு வளையம் மரத்துக்குள் இறங்கிய இரும்புக்கறை. உப்புத்தாளால் அதைத் துரத்தினால் பலகையில் பள்ளம்தான் விழும். ஆக்சாலிக் அமிலத் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் வெந்நீரில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, பலகை முழுக்கத் தடவி, காய்ந்ததும் இரண்டு மூன்று முறை தண்ணீரால் துடைத்தெடுங்கள். அது விஷம். கையுறை போடுங்கள், காய்ந்த தூளைச் சுவாசிக்காதீர்கள்.

உப்புத்தாள் 120, 180, 240 என்ற வரிசையில், ரேகையோடு மட்டும். குறுக்குக் கீறல் பூச்சில்லாத மரத்தில் தெரியாது, பியூ ஏறியதும் பளிச்சென்று தெரியும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. முதல் கோட்டுக்குச் சற்று முன் தின்னர் துணியால் துடைத்து, அது ஆவியானதும் அடித்துவிடுங்கள். பியூ உரிந்து வருவதற்கு முக்கியக் காரணம் இந்தத் துடைப்பை விட்டுவிடுவதுதான். இன்னொரு காரணம், சுரண்டாமல் விட்ட அரக்கின் மெழுகு.

மெலமைனை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கடினமானதுதான், ஆனால் ஸ்ப்ரே வேண்டும், நெடி அதிகம், அடிபட்டால் விரிசல் விடும். வீட்டில் பிரஷ்ஷால் அடிக்க, ஹார்ட்னர் கலக்கத் தேவையில்லாத ஒற்றை டப்பா பியூ போதும். நாலடிக்கு இரண்டரை அடி மேசையில் மேல், கீழ், ஓரம் மூன்றுக்கும் மூன்று கோட் போட முக்கால் லிட்டர் பிடிக்கும். அடிப்பக்கத்தை விடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை அடைமழையில் வளையும். மேட் டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும், அடியில் படிந்ததைக் குச்சியால் கலக்குங்கள். ஒவ்வொரு கோட்டும் ஒரு இரவு காயட்டும், இடையில் 320 தாளால் லேசாகத் தடவுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பின் ஒரு வாரம் சூடான பாத்திரம் வைக்க வேண்டாம்.

டெல்டாவில் காலமும் கணக்கில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் குமிழி கிளப்பும். இரவில் விளக்குப் போட்டால் வயலிலிருந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சி அத்தனையும் ஈரப்பூச்சில் ஒட்டும். ஆடிக்காற்றில் புழுதி, சம்பா அறுவடையில் தூசி. பங்குனி, சித்திரைக் காலை நேரம்தான் சிறந்தது, அதுவும் வெயில் படாத அறையில்.

பியூவின் குறை ஒன்று உண்டு. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட முடியாது, பலகை முழுவதையும் தேய்க்க வேண்டியிருக்கும். அரக்கில் அந்தத் தொல்லை இல்லை. கால்களைச் சோப்புநீர்த் துணியால் துடைத்து உலரவிட்டு, 150 கிராம் அரக்குச் செதிலை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் இரவு ஊறவைத்து வடிகட்டி, பஞ்சு பொதிந்த துணித்திண்டால் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும்.

கால்களின் அடிப்பாகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. தினமும் தரை கழுவும் வீட்டில் மரம் அங்கேதான் முதலில் உளுக்கும். மேசையைக் கவிழ்த்து, அதற்குரிய தின்னரைப் பாதி கலந்த பியூவை வெட்டுமுகம் குடிக்கும் மட்டும் விட்டு, காய்ந்ததும் ரப்பர் புஷ் மாட்டுங்கள்.