அட்டையில் சிவப்பு, உள்ளே வெள்ளி

தருமபுரி புத்தகத் திருவிழாவில் 150 ரூபாய்க்கு வாங்கினேன். எல். பிராங்க் பாம் எழுதிய 'தி ஒண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஆஸ்', ஆங்கிலத்தில். 1900இல் வந்த கதை. இப்போது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அச்சடிக்கிறார்கள், அதுதான் வம்பு. அட்டையில் கதை நாயகி டோரத்திக்குப் பளபளவென்று சிவப்புச் செருப்பு. உள்ளே கதையில் வெள்ளிச் செருப்பு. சிவப்பு 1939இல் வந்த சினிமாவின் கைவேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் முதல் நாளே கேட்டுவிட்டாள்: "ம்மா, படம் போட்டவங்க கதையைப் படிக்கலையா?"

உள்படங்கள் இன்னும் மோசம். மஞ்ச்கின் நாடு நீலம், விங்கி நாடு மஞ்சள், மரகத நகரம் பச்சை என்று நிறத்தாலேயே நகரும் கதை இது. டென்ஸ்லோ வரைந்த முதல் பதிப்பில் படங்களின் நிறமும் இடத்துக்கேற்ப மாறும். இதில் எல்லாம் ஜெராக்ஸ் கறுப்பு.

ஆனால் கதை தாங்குகிறது. தினமும் ராத்திரி மெஷினை மூடியதும் நம்ம பேச்சில் சொல்வேன். (பென்னாகரத்தில் வீட்டிலேயே தையல் எனக்கு.) சூறாவளி வீட்டோடு தூக்கிப் போட்ட பெண், அவள் நாய் டோட்டோ. மூளை வேண்டும் என்கிற சோளக்கொல்லை பொம்மை, இதயம் கேட்கும் தகர மனுசன், தைரியம் கேட்கும் சிங்கம். தகர மனுசன் தெரியாமல் ஒரு வண்டை மிதித்துவிட்டு அழ, கண்ணீர் பட்டுத் தாடை துருப்பிடித்து வாய் திறக்காமல் போகும். அந்த இடத்தில் மகள் எழுந்துபோய் என் மெஷின் எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஆறு. கட்டுமரத்தில் போகும்போது பொம்மை ஊன்றிய கழி சேற்றில் மாட்டிக்கொள்ள, கட்டுமரம் போய்விடும். பொம்மை மட்டும் நடு ஆற்றில் கழியைப் பிடித்துத் தொங்கும். ஒகேனக்கல் பார்த்த பிள்ளை சும்மா இருக்குமா? "பரிசல்காரங்க யாருமே இல்லையாம்மா?" நாரை வந்து தூக்கும்வரை தூங்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: தகர மனுசன் கோடரியால் 40 ஓநாய்களின் தலையை வெட்டும் பக்கம் உண்டு. நான் "விரட்டிவிட்டான்" என்று சொல்லித் தாண்டிவிட்டேன்.

கடைசியில், இவர்கள் கேட்டுப் போன மரகத நகரத்து மந்திரவாதி கொடுப்பதெல்லாம் என் மேசையில் கிடக்கும் சாமான்கள்தான். பொம்மையின் தலைக்குத் தவிடும் ஊசியும் குண்டூசியும். தகர மனுசனுக்குப் பட்டில் தைத்து மரத்தூள் அடைத்த இதயம். அதேபோல் ஒன்று வேண்டும் என்று அடம். ரவிக்கை வெட்டிய பட்டுத் துண்டில் தைத்துப் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பக்கத்து ஆசாரி பட்டறையிலிருந்து பாவாடையில் மரத்தூளை அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

வாங்குங்கள். வாங்கும்போது அட்டையில் செருப்பின் நிறத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.