‘சீல் பிரிக்கவில்லை’ என்று சொல்லி விற்ற மூன்று பழைய செக்யூரிட்டி கீ

போன மாதம் 23,500 ரூபாய் கொடுத்து மூன்று பழைய செக்யூரிட்டி கீ வாங்கினேன். மூன்றுமே விற்றவர் சொன்ன பொருள் இல்லை. பணம் திரும்பி வரவில்லை, வரும் என்ற நம்பிக்கையும் இப்போது இல்லை. இதே விளம்பரம் வேறு பெயரில் மறுபடி சுற்றுவதை நேற்று பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லாகின் செய்யும்போது பாஸ்வேர்டோடு சேர்த்து யூஎஸ்பியில் செருகித் தொடுகிற சின்னச் சாவியைத்தான் சொல்கிறேன். உற்பத்தி நின்றுபோன சாவிகளை ஏழெட்டு வருடமாகச் சேர்த்து வருகிறேன். இந்தச் சாவிகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருக்கும் மென்பொருளை வாங்கிய பிறகு மாற்றவே முடியாது. தொழிற்சாலையில் ஒரு பிழை நுழைந்தால், அந்தச் சாவி இருக்கும்வரை பிழையும் இருக்கும். நிறுவனம் செய்யக்கூடியது ஒன்றுதான், வேறு சாவி மாற்றிக் கொடுப்பது. 2017 அக்டோபரில் இன்ஃபினியான் நிறுவனத்தின் சிப்பில் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறை சார்ந்த பிழை வெளியானபோது யூபிகீ 4 வகைச் சாவிகளில் 4.2.6 முதல் 4.3.4 வரையான பதிப்புகளுக்கு யூபிகீயைத் தயாரிக்கும் யூபிகோ நிறுவனம் இலவசமாக மாற்று கொடுத்தது. 2019 மே மாதம் கூகுளின் புளூடூத் டைட்டன் சாவிக்கு அதே கதை. பின்பக்கம் ‘டி1’, ‘டி2’ என்று இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த மாதமே யூபிகீ ஃபிப்ஸ் (அமெரிக்க அரசின் பாதுகாப்புத் தரம்) வரிசை, 4.4.2, 4.4.4 பதிப்புகள். நாம் அன்றாடம் நம்பியிருக்கிற பாதுகாப்பு எங்கெங்கே சறுக்கியது என்பதைக் கையில் எடுத்துப் பார்க்க முடிகிற சாட்சிகள் இவை. மாற்று வாங்கியவர்கள் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதால் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். ஏமாற்றுபவர்களுக்கு இடம் கிடைப்பதும் அங்கேதான்.

பழைய பொருள் வாங்கி விற்கும் ஓர் இணையக் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. 2008இல் வந்த முதல் தலைமுறை யூபிகீ ஒன்று, 14,000. பெட்டி பிரிக்காத யூபிகீ நியோ, ‘2015 பிழை உள்ள பதிப்பு’ என்ற குறிப்போடு, 6,500. இன்னும் எண் ஓடிக்கொண்டிருக்கிற, ஆர்எஸ்ஏ என்ற நிறுவனத்தின் செக்யூர்ஐடி டோக்கன் (செருகுவதில்லை, சின்னத் திரையில் எண் காட்டும்), 3,000. விற்றவர் மரியாதையாகப் பேசினார். கேட்ட படங்களை உடனே அனுப்பினார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: கணினியில் செருகி, வருகிற தகவலை ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? “ப்ரோ, நியோ சீல் பிரிச்சா வேல்யூவே போயிடும். 2008 கீயை யாரும் தொட்டதே இல்ல, நான் செருகினா அது யூஸ்டு ஆயிடும்ல?” என்றார். நியாயமாகத்தான் பட்டது. சேகரிப்பவனுக்குப் ‘பிரிக்காதது’ என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சரி என்று யூபிஐயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பார்சல் நாலாம் நாள் வந்தது. எங்கிருந்தோ வரும் யூஎஸ்பி பொருளை நான் முதலில் இணைய இணைப்பு இல்லாத பழைய மடிக்கணினியில்தான் செருகுவேன். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள். யூஎஸ்பி சாதனம் ஒன்று விசைப்பலகை வேஷம் போட்டுத் தானே கட்டளைகளைத் தட்ட முடியும் என்று 2014லேயே மேடையில் செய்து காட்டிவிட்டார்கள். யூபிகீயே கணினியிடம் தன்னை விசைப்பலகை என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

முதலில் 2008 சாவி. நோட்பேடைத் திறந்து பொத்தானை லேசாகத் தொட்டேன். 44 எழுத்து வந்தது. அதில் முதல் 12 எழுத்து சாவியின் அடையாளம், மீதி 32 ஒவ்வொரு முறையும் மாறும் மறைகுறி. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற சாவியில் அந்த அடையாளம் ‘சி’, ‘சி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். வாங்கியவர் தானே மறுபடி நிரல் எழுதி யூபிகோவின் சர்வரில் ஏற்றியிருந்தால் ‘வி’, ‘வி’ என்று தொடங்கும். எனக்கு வந்தது ‘வி’, ‘வி’. யாரும் தொடாத சாவி என்று சொன்னதை யாரோ உட்கார்ந்து நிரல் எழுதிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அப்புறம் மூன்று விநாடி அழுத்திப் பிடித்தேன். முதல் தலைமுறையில் இருப்பது ஒரே ஓர் இடம், இரண்டு நிரல்களை வைக்கும் வசதி அடுத்த தலைமுறையில்தான் வந்தது. நிஜமான 2008 சாவியில் அழுத்திப் பிடித்தால் இரண்டாவதாக வேறு எதுவும் வர வழியில்லை. ஆனால் திரையில் பதினாறு எழுத்து விழுந்தது, கூடவே என்டரும் தட்டியது. யாரோ ஒருவர் நிரந்தரமாகப் பதிந்து வைத்திருந்த பாஸ்வேர்டு. முன்பின் தெரியாத மனிதரின் பாஸ்வேர்டு என் கண் முன்னால் நின்றதைப் பார்த்தபோது போன பணத்தைவிட அதுதான் அதிகம் உறுத்தியது. நோட்பேடைச் சேமிக்காமல் மூடினேன்.

செக்யூர்ஐடி டோக்கனில் தவறு என்னுடையதும்தான். நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம் காட்டுகிற அந்தச் சாவிப்பட்டை டோக்கனை வங்கிக்காரர்களிடமும் ஐடி நிறுவனங்களிலும் பலர் பார்த்திருப்பீர்கள். 2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்தது, பிறகு டோக்கன்களை மாற்றித் தர வேண்டியதாயிற்று. அதற்கு முந்தையவை சேகரிப்பவர்களுக்கு முக்கியம். அந்த டோக்கனின் முதுகில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அந்தத் தேதி தாண்டினால் திரை அணைந்துவிடும். பேட்டரி மாற்றி ஓட்ட முடியாது. விற்றவர் அனுப்பிய முன்பக்கப் படத்தில் எண் தெரிந்தது. பின்பக்கப் படத்தில் தேதி 2012. இரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அந்த முன்பக்கப் படம் அவர் இப்போது எடுத்ததாக இருக்கவே முடியாது என்று அங்கேயே தெரிந்திருக்கும். வந்த டோக்கனின் திரையில் எதுவும் இல்லை.

இனி நியோ. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நியோ 2012இல் வந்தது. என்எஃப்சி (செருகாமல் போனுக்கு அருகில் வைத்தாலே பேசும் வசதி) உள்ள முதல் யூபிகீ அதுதான். அட்டையும் பிளாஸ்டிக்கும் பார்க்கக் கச்சிதமாக இருந்தன. ஓரத்தில் ஒட்டு மட்டும் கொஞ்சம் மஞ்சளாக, தடிமனாகத் தெரிந்தது. பிரிக்காமலே என் போனின் முதுகில் வைத்தேன். உடனே யூபிகோவின் முகவரி ஒன்று திறந்தது, அதன் வால்பக்கத்தில் ஒருமுறைக் கடவுச்சொல். உறைக்குள் இருக்கும்போதே நியோ பேசும்! இதை விற்பவரும் செய்திருக்கலாம். சீல் பிரிந்துவிடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பணம் அனுப்புவதற்கு முன் இது எனக்கு உறைக்காமல் போனது பெரிய வருத்தம். நியோ வாங்குபவர்கள் வீடியோ காலில் போனை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓபன்கீசெயின் செயலியில் தொட்டுக் காட்டினால் உள்ளே ஓபன்பிஜிபி (கோப்புகளையும் மின்னஞ்சலையும் பூட்டவும் கையொப்பமிடவும் உதவும் முறை) ரகசியச் சாவி ஏதும் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

என் நியோவில் இருந்தது. உறையைப் பிரித்து மடிக்கணினியில் செருகி ஜிபிஜி என்ற ஓபன்பிஜிபி மென்பொருளில் கார்டின் (நியோவை அது அப்படித்தான் அழைக்கும்) நிலையைக் கேட்டேன். உரிமையாளர் பெயர் இருந்தது. கையொப்ப எண்ணிக்கை 412. பெட்டியே பிரிக்காத சாவி 412 முறை கையெழுத்துப் போட்டிருக்கிறது. விளம்பரத்தில் சொன்ன 2015 பிழையும் இல்லை. அந்தப் பிழை நியோவுக்குள் ஓடும் ஓபன்பிஜிபி ஆப்லெட் என்ற சின்ன நிரலின் 1.0.9 வரையான பதிப்புகளில் இருந்தது, பின் எண் தெரியாமலே சாவியை வேலை வாங்க முடியும். சின்னக் கட்டளை ஒன்று அனுப்பிக் கேட்டதில் இது 1.0.10, சரிசெய்த பதிப்பு. பின் எண்ணுக்கான மூன்று வாய்ப்பில் ஒன்றுதான் மீதி இருந்தது. யாரோ இரண்டு தடவை தப்பாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டேன். “கலெக்டிபிள் ஐட்டம் ப்ரோ, ரிட்டர்ன் கிடையாது” என்று ஒரு வரி வந்தது. அடுத்த நாள் என்னை பிளாக் செய்துவிட்டார். குழுவை நடத்துபவர்கள், வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பில்லை என்றார்கள். 1930க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் பதிந்தேன், எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் அனுப்பிய ஒரு வாரம் கழித்து அழைத்தது தாமதம். இந்த மாதிரி நடந்தால் தெரிந்த நிமிடமே அழையுங்கள், அப்போதுதான் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

நம்மில் சிலர் இவற்றை மலிவாக வாங்கிச் சொந்த மெயிலுக்கே பயன்படுத்துகிறார்கள். என் சித்தி பையன் இந்த நியோவைப் பார்த்ததும் “அண்ணா, இத எனக்குக் குடுங்க, ஜிமெயிலுக்குப் போட்டுக்கறேன்” என்றான். கூடவே கூடாது என்றேன். யார் கையில் இருந்தது, யார் என்ன எழுதினார்கள் என்று தெரியாத சாவி கண்ணாடிப் பெட்டிக்குத்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கு நிறுவனத்திடமோ அதன் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ புதிதாக வாங்குங்கள்.

வழக்கமாக இப்படி வருகிற சாவியை அன்றே ரீசெட் செய்துவிடுவேன், முந்தைய ஆளின் தகவல் என்னிடம் இருக்கக் கூடாது என்பதற்காக. இதையும் செய்யத்தான் போனேன். 412 என்ற எண் தடுத்தது. இத்தனை முறை பயன்படுத்தியவர் தேடிக்கொண்டிருக்கலாம் இல்லையா? கார்டில் இருந்த கைரேகை எண்ணை (உள்ளே இருக்கும் ஓபன்பிஜிபி சாவியை அடையாளம் காட்டும் எண்), அந்த முறையைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் பொதுச் சாவியைப் பகிர்ந்து வைக்கும் சர்வரில் தேடினேன். ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. நடந்ததைச் சொல்லி எழுதினேன்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. வேலையை விட்டபோது அலுவலக மடிக்கணினிப் பையோடு அந்த நியோவும் போய்விட்டதாம். கேட்டபோது, பழைய பொருள்களோடு மின்கழிவுக்குப் போயிற்று என்று அங்கே சொன்னார்களாம். சாவியைக் கார்டுக்குள்ளேயே உருவாக்கியதால் வேறு நகல் கிடையாது. கார்டிலிருந்து ரகசியச் சாவியை வெளியே எடுக்கவும் வழியில்லை. அதைக் கொண்டு பூட்டிய மூன்று வருடக் குறிப்புகள் இன்னும் அவருடைய ஹார்ட் டிஸ்கில் திறக்க முடியாமல் கிடக்கின்றன. “பின் எண் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஒரு வாய்ப்பே போதும். தயவுசெய்து ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள்” என்று எழுதியிருந்தார். நான் கொடுத்த 6,500ஐத் தானே தருவதாகவும் சொன்னார். அவரிடம் எப்படி வாங்குவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பஞ்சு சுற்றி, சின்னத் தகர டப்பாவில் வைத்து, செவ்வாய்க்கிழமை ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். இன்று காலை சேர்ந்துவிட்டது என்று ட்ராக்கிங்கில் காட்டுகிறது. அவரிடமிருந்து இன்னும் செய்தி வரவில்லை.