இஸ்தான்புல்லில் ஒரே நாள்: சுல்தானகமெத்தா, காடிகோயா?

நாலு நண்பர்கள், கையில் ஒரே ஒரு நாள். இஸ்தான்புல்லில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை எந்தக் கரைக்குப் போவது என்பதுதான். பொஸ்போரஸ் நீரிணை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. ஐரோப்பாக் கரையில் சுல்தானகமெத். படங்களில் நாம் பார்க்கும் மசூதியும் மினாரும் அங்கேதான். ஆசியாக் கரையில் காடிகோய். உள்ளூர்க்காரர்கள் மீன் வாங்கி, காபி குடித்து, கதை பேசும் இடம். அதற்கு இரண்டு ஓட்டு, இதற்கு இரண்டு ஓட்டு.

பார்ப்பதில் போட்டியே கிடையாது, சுல்தானகமெத்தான். ஹாகியா சோஃபியா 537-ல் தேவாலயமாகத் திறந்தது, 1453-க்குப் பிறகு மசூதியானது, 1930-களில் அருங்காட்சியகமாகி 2020-ல் திரும்பவும் மசூதியாகிவிட்டது. வெளிநாட்டுப் பயணிகளை இப்போது மேல்மாடத்துக்கு மட்டுமே விடுகிறார்கள். 2024-ல் அதற்கு 25 யூரோ கட்டணம் வைத்தார்கள். நாலு பேருக்கு நூறு யூரோ! எதிரே ஆறு மினார்களோடு நிற்கும் நீல மசூதிக்குக் காசே இல்லை. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போனால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது மண்ணுக்கடியில் இருக்கும் பசிலிக்கா நீர்த்தேக்கம். 336 தூண்கள், மங்கலான வெளிச்சம், காலடியில் தண்ணீர். இரண்டு தூண்களின் அடியில், கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தலோடு வரும் மெதூசாவின் தலைகள். ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். பக்கத்திலுள்ள பழைய கூரைச் சந்தையான கிராண்ட் பஜார் பற்றி ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

சரி, சாப்பாடு? இங்கேதான் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது. சுல்தானகமெத்தில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்ட ஒரு கடையில் உட்கார்ந்தோம். மெனுவில் விலை இல்லை. கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டியும் சாலடும் பில்லில் தவறாமல் இருந்தன. கெபாப் ஆறிப்போயிருந்தது.

காடிகோய் சந்தையில் யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை, அவரவர் வேலை அவரவருக்கு. ஆலிவ், பாலாடைக்கட்டி, ஊறுகாய்ப் புளிநீர், மீன் என்று தெரு முழுக்க வாசனை. அங்கே மித்யே தொல்மா சாப்பிட்டே ஆகவேண்டும். கடல்சிப்பிக்குள் மசாலாச் சோற்றை அடைத்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஓட்டைத் திறந்து எலுமிச்சை பிழிந்து நீட்டுவார். மேல் ஓட்டையே கரண்டியாக்கி வாயில் போட்டுக்கொள்ளலாம். நாம் போதும் என்று சொல்லும்வரை கை நிற்காது. அப்புறம் ஓடுகளை எண்ணிக் காசு. எங்களில் சைவக்காரன் ஒருவன் பருப்பு சூப், கீரை அடைத்த மெல்லிய ரொட்டியான கோஸ்லெமே, அய்ரான் என்று தன் பாட்டுக்குத் திருப்தியாக இருந்தான். அய்ரான் வேறொன்றுமில்லை, உப்புப் போட்ட நம்மூர் மோர்தான், கொஞ்சம் கெட்டி.

காடிகோயின் பழைய பெயர் கால்கெடோன். எதிர்க்கரையில் பைசாண்டியம் (இஸ்தான்புல்லின் பழைய ஊர்) உருவாவதற்கு 17 ஆண்டு முன்பே கிரேக்கர்கள் இங்கே குடியேறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பாரசீகத் தளபதி ஒருவர், ‘அவ்வளவு நல்ல இடத்தை விட்டுவிட்டு இங்கே வந்தவர்கள் குருடர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்’ என்றாராம். பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். தளபதி இந்தப் பக்கம் சாப்பிட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் நாங்கள் செய்தது இதுதான். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் சுல்தானகமெத். மதியம் ஐரோப்பாக் கரையின் எமினோனு படகுத்துறையிலிருந்து காடிகோய்க்குப் படகு. ஏறக்குறைய இருபது நிமிடம்தான், நகரப் பயண அட்டையே செல்லும். சிமித் ரொட்டியைப் பிய்த்துக் கடற்புறாக்களுக்கு எறிந்துகொண்டு, குட்டிக் கண்ணாடிக் குவளையில் பால் இல்லாத தேநீர் குடித்தோம். சாயங்காலம் காடிகோயை ஒட்டிய மோடா கடற்கரைப் புல்லில் உட்கார்ந்துவிட்டோம்.

வயதான அம்மா அப்பாவோடு போகிறீர்கள், படகு ஏறி இறங்க முடியாது என்றால் சுல்தானகமெத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட மட்டும் பெரிய மசூதிகளை விட்டு நாலு தெரு தள்ளி நடங்கள். விலை எழுதிய பலகை உள்ள கடையாகப் பார்த்து நுழையுங்கள்.