தூசிப்பூச்சி தடுக்கும் மெத்தை உறை: ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு

2,350 ரூபாய். இரட்டைக் கட்டில் மெத்தைக்கு ஒன்று, கூடவே தலையணை உறை இரண்டு. விலையைப் பார்த்து யோசிப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மகளுக்கு ஏழு வயது. காலையில் எழுந்து உட்கார்ந்ததுமே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல், பிறகு தண்ணீராக மூக்கு ஒழுகும், பள்ளிக்குக் கிளம்பும்வரை இதே பாடுதான். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேலே தள்ளித் தள்ளித் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. சளி என்று நினைத்து இரண்டு வருடம் தயிரை நிறுத்தினோம், வாழைப்பழத்தை நிறுத்தினோம், தலைக்குக் குளிப்பதைக்கூட வாரம் ஒருமுறை ஆக்கினோம். காய்ச்சல் வராது, மூக்கும் கண்ணும் அரிக்கும். அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும், இன்றும் மனசு கேட்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே அலர்ஜியாக இருக்கும் என்றார். முன்கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்த்தார்கள், 15 நிமிடத்தில் தூசிப்பூச்சிக்கு வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போலத் தடித்தது. (இந்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லாவிட்டால் தடிப்பு சரியாக வராது.)

தூசிப்பூச்சி கால் மில்லிமீட்டர் அளவுதான். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலேயே குடியிருக்கும், முக்கியமாக அதன் எச்சம்தான் தும்ம வைக்கிறது. எங்களுடையதோ என் கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை, தூக்கிப்போட மனசு வரவில்லை. போன வருடம் மொட்டைமாடியில் பஞ்சைப் பிரித்து அடித்தபோது பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தவளுக்குக் கண் இரண்டும் வீங்கிப்போனது, அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

முதலில் வாங்கிய உறை ரெக்சின் மாதிரி, புரண்டால் சரசரவென்று சத்தம், முதுகெல்லாம் வேர்வை. ஜிப் முடிகிற மூலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வேறு. திருப்பி அனுப்பிவிட்டோம். இப்போது இருப்பது நெருக்கமாக நெய்த துணி, துளை 10 மைக்ரானுக்கும் குறைவு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வாங்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும், ‘அலர்ஜி தடுக்கும்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை அல்ல. ஆறு பக்கமும் மூடுகிறது, ஜிப் முனை ஒரு மடிப்புத் துணிக்குள் போய்விடுகிறது. வெயில் காலத்தில்கூடச் சூடு தெரியவில்லை. மேலே விரிக்கும் பெட்ஷீட்டை மட்டும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைக்கிறேன்.

சரி, தும்மல் குறைந்ததா? முதல் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. உறையை மட்டும் நம்பினால் மூக்கு அலர்ஜிக்குப் பலன் தெரியவில்லை என்று 2003-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றும் சொல்கிறது. அடுத்த முறை போனபோது, மூக்கு அலர்ஜிக்கு அவர் எழுதிக்கொடுத்திருந்த மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை எப்படி அடிக்கிறீர்கள், செய்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். நான் நேராக, இரண்டு மூக்குத் துளைக்கும் இடையிலுள்ள நடுத்தண்டில் படும்படி அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், இரண்டு முறை ரத்தம் கசிந்ததும் அதனால்தான். தலையைக் கொஞ்சம் குனிந்து, இடது மூக்குக்கு வலது கையால், முனை வெளிப்பக்கம் காதை நோக்கி இருக்க வேண்டும், அடித்ததும் வேகமாக உறிஞ்சக் கூடாது. தினமும் அப்படி அடித்ததில் பத்து நாளில் தும்மல் இரண்டு மூன்றாகக் குறைந்தது. மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் சைலோமெட்டசோலின் சொட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதைத் தொடர்ந்து விட்டால் அடைப்பு முன்னைவிட அதிகமாகும்.

அப்படியானால் உறைக்கு என்ன வேலை என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. அரையாண்டு விடுமுறையில் அம்மாயி வீட்டில் மூன்று ராத்திரி பழைய மெத்தையில் படுத்தாள். ஸ்பிரே ஒருநாளும் தவறவில்லை, ஆனாலும் இரண்டாம் நாள் காலையிலேயே பழைய தும்மல் திரும்ப வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நான்கைந்து நாளில் அடங்கியது. எனக்கு அது போதும். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்றைக் குறைப்பது அளவுக்காக: இலவம்பஞ்சு மெத்தை நடுவில் உப்பலாக இருக்கும், நீள அகலத்தோடு உயரத்தையும் டேப் வைத்து அளந்து வாங்குங்கள், எங்களுக்கு ஜிப் போட இரண்டு பேர் வேண்டியிருந்தது. அம்மாயி வீட்டுக்கும் ஒற்றைக் கட்டில் அளவில் ஒன்று சொல்லியிருக்கிறேன்.