ரிசர்வ் வங்கி பாண்டா, அரசுப் பத்திரமா, கம்பெனி என்சிடியா?

ரிங் ரோடு போட்ட கடனை அடைக்க, 2001-ல் மதுரை மாநகராட்சி பாண்டு (கடன் பத்திரம்) வெளியிட்டு 30 கோடி ரூபாய் திரட்டியது. சுங்கச்சாவடி வசூலை நம்பித்தான் அந்தக் கடன். எந்தப் பாண்டானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: திருப்பித் தரும் பணம் எங்கிருந்து வரும்? வட்டி எவ்வளவு என்பது அப்புறம்.

ரிசர்வ் வங்கியின் மாறும் வட்டி பாண்டு 7 ஆண்டுக்கானது. 1,000 ரூபாயிலிருந்து போடலாம். தபால் ஆபீஸின் தேசிய சேமிப்புப் பத்திரமான என்எஸ்சியைவிட 0.35% கூடுதல் வட்டி, என்எஸ்சி 7.7% என்றால் இது 8.05%. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கணக்கில் விழும். ஆனால் விற்கவோ, ஈடு வைத்துக் கடன் வாங்கவோ முடியாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் சில ஆண்டுகள் கழித்து, முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.

அரசு கடன் வாங்க வெளியிடும் அரசுப் பத்திரத்தை, 2021-ல் வந்த ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் இணையதளத்தில் 10,000 ரூபாயிலிருந்து நேரடியாக வாங்கலாம். கணக்குக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் பத்திரமும் அங்கே கிடைக்கும். இதை நடுவில் விற்கலாம், ஆனால் விலை ஏறி இறங்கும். 7% வட்டியில் 10 வருடப் பத்திரம் வாங்குகிறீர்கள், மறுநாளே சந்தை வட்டி 8% ஆகிவிட்டது என்றால், உங்கள் 100 ரூபாய்ப் பத்திரம் சுமார் 93-க்குத்தான் போகும். முதிர்வு வரை வைத்திருந்தால் முழு 100 கையில் வரும்.

என்சிடி, அதாவது பங்காக மாற்ற முடியாத கம்பெனிக் கடன் பத்திரம், இந்த விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். "எஃப்டி மாதிரிதான் சார், வட்டி மட்டும் கூட" என்று சொல்லி விற்கிறார்கள். அது உண்மையில்லை. வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, என்சிடிக்கு அது கிடையாது. கம்பெனி கடனைத் திருப்பித் தருமா என்று பார்த்துக் கொடுக்கும் ரேட்டிங்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வீட்டுக்கடன் கம்பெனியான டிஎச்எஃப்எல்லுக்கு 2019 ஜனவரியில் ஏஏஏ (மிக உயர்ந்த ரேட்டிங்), அந்த ஜூனிலேயே டி (பணம் தரத் தவறியது). போட்டவர்கள் முழுப் பணத்தையும் திரும்பப் பார்க்கவில்லை. விண்ணப்பத்தில் 'செக்யூர்ட்' (சொத்து ஈடு உள்ளது) என்று இருக்கிறதா, எதை ஈடாகக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றிலுமே வட்டிக்கு உங்கள் வரி வரம்புப்படி வருமான வரி உண்டு. பென்ஷன் பணம் என்றால், பெரும்பகுதிக்கு முதல் இரண்டையே சொல்வேன். என்சிடியில், போனாலும் வீட்டுச் செலவு நிற்காத அளவு மட்டும்.

ஒத்தக்கடைப் பக்கம் மனை விற்று நீண்டகால லாபம் பார்த்தவர்களுக்குக் கணக்கே வேறு. விற்ற 6 மாதத்துக்குள் ஆர்இசி போன்ற அரசு நிறுவனங்கள் இந்த வரிச்சலுகைக்காக வெளியிடும் '54இசி' பாண்டில் 50 லட்சம் வரை போட்டு, அந்த லாபத்துக்கான வரியைத் தவிர்க்கலாம். வட்டி குறைவு, 5 ஆண்டு எடுக்க முடியாது.