கல்லடி வீட்டில் ஒரு பிரிண்டர், நாலு கருவிகள்: ஐந்து வருட அனுபவம்

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நாட்களில்தான் மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பிரிண்டர் வந்தது. மனைவி கணித ஆசிரியை. வினாத்தாள் தயாரித்தால் பாலம் தாண்டிப் போய் ரவுனில் பிரிண்ட் எடுக்க வேண்டும்; ஊரடங்கு நேரத்தில் அதுவும் இல்லை. இடையில் ஒருமுறை பிரிண்டரை மாற்றினாலும், அன்று தொடங்கி இன்றுவரை ஒரு பிரிண்டரைத்தான் ஒரு மேசைக் கொம்பியூட்டர், இரண்டு லெப்டொப், மகளின் போன் என்று நாலு பக்கமிருந்தும் பாவிக்கிறோம். ஒழுங்காக ஓடுவது கடைசி இரண்டரை வருடமாகத்தான்.

முதல் பிரிண்டரில் வைஃபை கிடையாது. யூ.எஸ்.பி. வயரில் மேசைக் கொம்பியூட்டரோடு பூட்டி, விண்டோஸில் 'ஷேர்' கொடுத்து, மற்ற இரண்டு லெப்டொப்பிலும் அந்தப் பெயரைத் தேடிச் சேர்த்தோம். முன்பு இதற்கென்று 'ஹோம்குரூப்' என்ற வசதி இருந்தது. 2018இல் விண்டோஸ் 10இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொன்றாக நாமே செய்ய வேண்டியிருந்தது. ரவுட்டர் மாற்றினால் விண்டோஸ் அந்த வைஃபையைப் புதிய இடமாக எடுத்து 'பப்ளிக்' என்று குறித்துக்கொள்ளும். அதை 'பிரைவேட்' ஆக்காதவரை ஒரு கொம்பியூட்டர் மற்றதன் கண்ணில் படாது. இந்த ஒரு விசயம் தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

இந்த முறையின் பெரிய பலவீனம் வேறு. மேசைக் கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருந்தால்தான் மற்றவர்களுக்குப் பிரிண்டர். அது தூங்கப் போனால் பிரிண்டரும் போய்விடும். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள் அல்லவா, அப்போது இதன் முழுக் கஷ்டத்தையும் அனுபவித்தோம். கரண்ட் வந்தவுடன் ஓடிப்போய் அந்தப் பழைய கொம்பியூட்டரை ஏற்றி, அது எழும்பும்வரை காத்திருந்து, பிறகுதான் ஒரு பக்கம் எடுக்கலாம். அதற்குள் திரும்பவும் வெட்டு.

அதற்கு முன்பு, 2021 புரட்டாதியில் இன்னொன்று நடந்தது. விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் லெப்டொப்பிலிருந்து அனுப்பினால், கடைசியில் 11பி என்று முடியும் ஒரு பிழை எண் வந்தது. "மறுகா எப்பிடி நாளைக்குப் பேப்பர் குடுக்கிற?" என்று மனைவி கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருடம் விண்டோஸின் அச்சுச் சேவையில் பாரதூரமான பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்திருந்தன. கொம்பியூட்டர்கள் தங்களுக்குள் அச்சுவேலையைக் கைமாற்றும் முறையை இறுக்கியதன் விளைவுதான் இந்தப் பிழை. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் றெஜிஸ்ட்ரியில் ஒரு பெறுமானத்தை மாற்றி அந்தப் பூட்டைக் கழற்றிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். நான் செய்யவில்லை. அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறக்க மனம் வரவில்லை. பென் டிரைவில் கொண்டுபோய் எடுத்தோம்.

2023 தொடக்கத்தில் வைஃபை உள்ள மை நிரப்பும் பிரிண்டர் ஒன்று வாங்கினோம். அதைப் பூட்டிய அன்றே ஒரு தடங்கல். எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில், இரண்டு பெயரில் வைஃபை தருகிறது. பிரிண்டருக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இந்த விலைக்குள் வருகிற பலதும் அப்படித்தான். மகள் தன் போனை 2.4க்கு மாற்றிய பிறகே பூட்டி முடிக்க முடிந்தது. மறுகா போனை 5க்குக் கொண்டுபோனாலும் பிரிண்ட் வந்தது. இரண்டும் ஒரே ரவுட்டருக்குள் இருந்தால் போதும். ஆனால் வீட்டுக்கு வருகிற ரியூசன் பிள்ளைகளுக்குக் கொடுத்த 'கெஸ்ட்' வைஃபையிலிருந்து எடுக்க முடியாது. அதை வீட்டுக் கருவிகளிலிருந்து பிரித்து வைப்பதுதான் அதன் வேலை, அது அப்படியே இருக்கட்டும்.

இரண்டு கிழமை நன்றாக ஓடியது. ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும், "அப்பா, பிரிண்டர காணல்ல" என்றாள் மகள். திரையில் 'ஓப்லைன்'. பிரிண்டரோ பச்சை வெளிச்சத்தோடு சும்மா இருக்கிறது. கழற்றித் திரும்பச் சேர்த்தோம், வந்தது. அடுத்த வெட்டுக்குப் பிறகு திரும்பவும் அதே கதை. சில மாதங்களில் பட்டியலில் 'கொப்பி 1', 'கொப்பி 2' என்று ஒரே பிரிண்டர் மூன்று பெயரில் நின்றது.

காரணம் சின்னது. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. முகவரியை, அதாவது வீட்டு வலையமைப்பில் அதைக் கண்டுபிடிக்கும் இலக்கத்தை, கடனாகத்தான் கொடுக்கிறது. கரண்ட் வந்து எல்லாம் ஒன்றாக எழும்பும்போது, நேற்று 7 என்ற இலக்கத்தில் இருந்த பிரிண்டர் இன்று 12இல் குடியிருக்கும். லெப்டொப் இன்னும் 7ஐத் தட்டிக்கொண்டிருக்கும்.

தீர்த்தது இரண்டு வேலை. பிரிண்டரிலேயே அதன் வலையமைப்பு விபரத் தாளை எடுத்து, கருவியோடு மாறாமல் வரும் அடையாள எண்ணான மெக் முகவரியைப் பார்த்தேன். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்த மெக் முகவரிக்கு ஓர் இலக்கத்தை நிரந்தரமாக ஒதுக்கினேன். ரவுட்டரின் அடிப்பக்க ஸ்ரிக்கரில் அந்தப் பக்கத்தின் விலாசம் இருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.8.1 போல ஒன்று. பிரிண்டரிலேயே இலக்கத்தை எழுதி வைக்கலாம்தான், ஆனால் ரவுட்டர் அதே இலக்கத்தை வேறொரு போனுக்குக் கொடுத்து முட்டுப்பட இடமுண்டு. அடுத்து, லெப்டொப்களில் பிரிண்டரின் போர்ட்டை (லெப்டொப் அதை அடையும் வழியை), விண்டோஸ் தானாகப் பிடித்திருந்த டபிள்யூ.எஸ்.டி. என்ற வகையிலிருந்து, இலக்கத்தை நாமே கொடுக்கும் சாதாரண டி.சி.பி./ஐ.பி. போர்ட்டுக்கு மாற்றி அந்த இலக்கத்தைக் கொடுத்தேன். அன்றிலிருந்து 'ஓப்லைன்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் காணவில்லை. போனுக்கு இதுவும் தேவைப்படவில்லை. அன்ட்ரொயிடில் உள்ள அச்சுச் சேவையே தேடிப் பிடித்துக்கொள்கிறது.

ரவுட்டருக்கு மட்டும் சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். வைத்திருக்கிறேன். லேசர் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதைச் சின்ன யூ.பி.எஸ்.ஸில் பூட்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் சூடாக்கி இழுக்கிற மின்சாரத்தை அது தாங்காது.

மை பிரிண்டர் என்றால் கிழமைக்கு ஒரு கலர்ப் பக்கமாவது எடுங்கள், இல்லையென்றால் மை தெளிக்கும் தலை காய்ந்து கோடு விழும். சுவர் ஆளியில் நிறுத்தாமல் அதன் சொந்தப் பொத்தானில் நிறுத்துங்கள். அப்போதுதான் தலை தன் மூடிக்குள் போய் இருக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் எங்கள் பக்கம் கடதாசி ஈரம் குடித்து வளைகிறது, இரண்டு தாள் ஒன்றாக இழுபடுகிறது. பிரித்த கட்டைப் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைக்கிறோம்.

2025 ஐப்பசி 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. எங்கள் மேசைக் கொம்பியூட்டர் 11ஐ ஏற்காது, அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். பிரிண்டரை இயக்கும் ட்ரைவர் மென்பொருள் எதுவும் தேடாமலே பிரிண்டர் அதன் பட்டியலில் வந்து நின்றது. அந்த மாற்றம் நடந்த நாள் முழுவதும் மனைவி உள் அறையிலிருந்து தவணைப் பரீட்சைத் தாள்களை எடுத்துக்கொண்டே இருந்தார். கொம்பியூட்டர் கழன்று கிடந்தது அவருக்குத் தெரியவே இல்லை.