249 வெள்ளிக்கு ஒரு பழைய ஹார்டு டிஸ்க்

கம்ப்யூட்டரை ரிப்பேர் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் விண்டோஸுக்குப் பதில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். சிஸ்டம் ஒரு சின்ன எஸ்எஸ்டியில். குடும்பப் படங்கள் எல்லாம் தனியாக 4 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில். தீபாவளிக்கு முந்தின வாரம் வீடு கழுவும்போது பெட்டியையும் திறந்து தூசி தட்டினேன். அன்றிலிருந்து பூட் ஆகவே, அதாவது துவங்கவே, ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. சில நாள் படங்கள் இருந்த ஃபோல்டரே காணவில்லை.

ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி பத்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஹார்டு டிஸ்க் போயிருச்சு அங்கிள். புதுசு போட்டு, உள்ள இருக்கிறதைக் காப்பி பண்ணித் தர்றேன்." மூன்று நாள், 249 வெள்ளி. ஒரு படம்கூடக் கெடாமல் 1.3 டெராபைட்டும் திரும்ப வந்தது. செத்துப்போன டிஸ்க்கிலிருந்து இத்தனையும் எப்படி வந்தது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தோன்றவில்லை.

இரண்டே வாரத்தில் அதே கோளாறு. அப்புறம்தான் உட்கார்ந்து பூட் பதிவுகளைப் பார்த்தேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் துவங்கும்போது சொல்லும் வரிகளை டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும். ஆனால் அவை நினைவகத்தில் இருப்பவை, அணைத்தால் போய்விடும். நல்லவேளை, டெபியன் 11இலிருந்து அதையெல்லாம் /வார்/லாக்/ஜர்னல் ஃபோல்டரிலும் எழுதி வைக்கிறது. 'ஜர்னல்சிடிஎல் --லிஸ்ட்-பூட்ஸ்' (journalctl --list-boots) அடித்ததும் பழைய பூட்கள் வரிசையாக வந்தன. கடைக்குத் தூக்கிப் போனதற்கு முந்தின நாளைத் திறந்தேன்.

'இணைப்பு மெதுவாகப் பதில் தருகிறது, தயவுசெய்து பொறுங்கள்' என்ற பொருளில் ஒரு வரி. (கெர்னலுக்கு இருக்கும் மரியாதை!) அதற்குக் கீழே, டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பின் வேகத்தை 1.5 ஜிகாபிட்டாகக் குறைத்த செய்தி. பிறகு திரும்பத் திரும்ப 'ஐசிஆர்சி' பிழை. டிஸ்க்கின் பரப்பே கெட்டிருந்தால் 'யுஎன்சி' என்று வரும்; அது ஓரிடத்தில்கூட இல்லை. ஐசிஆர்சி என்றால் தரவு போகிற வழியில் சிதைகிறது, பெரும்பாலும் கேபிள். பெட்டியைத் திறந்து பார்த்தால், சாட்டா கேபிள் பக்கத் தகட்டில் நசுங்கி, கழுத்தில் மடிந்து கிடந்தது. தூசி தட்டிவிட்டு மூடியபோது நான் செய்த வேலைதான். 5 வெள்ளிக்கு வேறு கேபிள் போட்டேன், சரியாகிவிட்டது.

சரி, அந்தப் 'புது' டிஸ்க்கையும் பார்ப்போமே என்று டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கட்டளையை ஓட்டினேன். ஓடிய நேரம் 21,640 மணி. கிட்டத்தட்ட இரண்டரை வருடம் எங்கோ இராப்பகலாக ஓடிய டிஸ்க்!

கடைக்குப் போனேன். ரசீதில் 'ஹார்டு டிஸ்க் 1' என்று மட்டும் இருந்தது. புதுசு என்ற சொல்லும் இல்லை, மாடலும் இல்லை. "எழுதலையே அங்கிள்" என்கிறார் அதே தம்பி. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். போகத்தான் போகிறேன், ஆனால் இந்த ரசீதை வைத்துக்கொண்டு எவ்வளவு நிற்குமோ.

உங்களுடையதும் லினக்ஸ் என்றால், கொடுக்குமுன் 'ஜர்னல்சிடிஎல் -பி' (journalctl -b) தருவதை ஒரு ஃபைலில் போட்டு யுஎஸ்பியில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மாடல், ரேம் அளவு எல்லாம் அதிலேயே இருக்கும். திரும்பி வந்ததும் இன்னொரு முறை எடுத்து ஒப்பிடலாம். தொடர் எண் மட்டும் அதில் இருக்காது, அதை டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளிலிருந்து படம் எடுங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள்.

நான் கேட்டபோது, "அதை அப்பவே தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். ஒரு குறையும் இல்லாத டிஸ்க் அது. மகள் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில் இருக்கின்றன. இப்போது யார் வீட்டில் 'புதுசாக' ஓடிக்கொண்டிருக்கிறதோ.